பாய்லர் ஸ்டீம் ஹெட்டரில் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை டேப்பிங்குக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

சாயப்பட்டறையின் 10 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷர் பாய்லர். மெயின் ஸ்டீம் ஹெட்டரில் (ஸ்டீம் வந்து சேரும் பெரிய பைப்) பிரஷரை அளந்து சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பொருத்தப் போகிறீர்கள். டேப்பிங்குக்கு, அதாவது பிரஷர் எடுக்கும் துளைக்கு, பிட்டர் மேலே என்கிறார், சூப்பர்வைசர் கீழே என்கிறார். கடையில் மிச்சமிருக்கும் காப்பர் டியூப் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டீமுக்குக் கீழேதான். உங்கள் பிட்டர் அனேகமாகக் காற்று, கேஸ் லைன்களில் கை பழகியவர். அங்கே அவர் சொல்வது முழுக்கச் சரி. டேப்பிங்கிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் இம்பல்ஸ் டியூபுக்குள் ஒரே பொருள்தான் நிற்க வேண்டும், பாதி தண்ணீர் பாதி காற்று என்று கலந்து நிற்கக் கூடாது. மற்ற விதியெல்லாம் இதிலிருந்து வருவதுதான். கேஸ் லைனில் ஈரம் சேர்ந்தால் அது வழிந்து மெயின் பைப்புக்கே திரும்ப வேண்டும், அதனால் டிரான்ஸ்மிட்டர் மேலே. தண்ணீர் லைனில் காற்றுக்குமிழி மேலேறி வெளியேற வேண்டும், அதனால் கீழே. ஸ்டீமில் டியூபை நாமே தண்ணீரால் நிரப்பி வைக்கிறோம்.

ஏன் நிரப்ப வேண்டும்? 10 கிலோ ஸ்டீமின் சூடு சுமார் 184 டிகிரி. டிரான்ஸ்மிட்டரின் எலெக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் 85 டிகிரி வரைதான் தாங்கும். டியூபில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் சூடு கீழே வந்து சேர்வதில்லை. அதனால் அந்த டியூபுக்கு இன்சுலேஷன் சுற்றாதீர்கள். இன்சுலேஷன் ஆட்கள் கண்ணில் பட்டதையெல்லாம் சுற்றிவிட்டுப் போவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டேப்பிங்கை ஹெட்டரின் பக்கவாட்டில் எடுங்கள். அடிப்பக்கம் வேண்டாம், துருவும் கசடும் அங்கேதான் இறங்கும். டேப்பிங்கை ஒட்டிய முதல் வால்வான ரூட் வால்வ் வரை ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறைகள்) சான்றுள்ள பொருளாக இருக்கட்டும். வால்வைத் தாண்டி ஒரு டீ போட்டு, அதன் மேல்வாயில் பிளக் வையுங்கள். டீயிலிருந்து டியூப் கீழே இறங்க வேண்டும். ரூட் வால்வைத் திறக்கும் முன் அந்தப் பிளக் வழியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். காலி டியூபோடு வால்வைத் திறந்தால் முதல் ஸ்டீம் நேராக டிரான்ஸ்மிட்டரின் டயாஃப்ரமில் (பிரஷரை உணரும் மெல்லிய தகடு) போய் அடிக்கும். சாதாரண கேஜாக இருந்தால் இதே வேலையைப் பிக்டெயில் சைஃபன் (சுருண்ட குழாய்) செய்துவிடும், அதிலும் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். டிரான்ஸ்மிட்டர் டேப்பிங்குக்கு 3 மீட்டர் கீழே இருந்தால், அந்தத் தண்ணீர்த் தூணின் எடையே 0.3 கிலோ கூடுதலாகக் காட்டும். ரூட் வால்வை மூடி, பிளக்கைத் திறந்து, டியூப் நிறையத் தண்ணீர் நிற்கும்போது ஜீரோ ட்ரிம் செய்யலாம், அதாவது அந்த நிலையைப் பூஜ்யமாகக் காட்ட வைக்கலாம். அல்லது ரேஞ்சை 0–16 என்பதற்குப் பதில் 0.3–16.3 என்று நகர்த்தலாம். இரண்டில் ஒன்றுதான். இன்ஸ்ட்ரூமென்ட் ஆள் ட்ரிம் செய்து, அப்புறம் கன்ட்ரோல் ரூமில் ஒருவர் ரேஞ்சையும் நகர்த்தினால் ரீடிங் 0.3 குறைவாக ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் காரணம் பிடிபடாது.

டியூப் கிடைமட்டமாகப் போகும் இடங்களில் மீட்டருக்கு 8 சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள். கண்மட்டத்தை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்டீம் பிரஷரில் சின்னத் தொங்கல் பெரிதாகத் தெரியாது, ஆனால் அதே பாய்லரின் ஃபர்னஸ் டிராஃப்ட் (உலைக்குள் இருக்கும் லேசான உறிஞ்சல்) லைனில் அது ஆளைச் சுற்றவிடும். அங்கே ரீடிங்கே மைனஸ் 5 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுதான். டியூப் 40 மில்லிமீட்டர் தொங்கி அதில் ஈரம் தேங்கினால் தப்பும் 40 மில்லிமீட்டர் வரை போகலாம். ஒரு ஆலையில் டிராஃப்ட் டிரான்ஸ்மிட்டரையே மாற்றிப் பார்த்திருந்தார்கள். யாரோ ஏணியைச் சாய்த்ததில் டியூப் வளைந்திருந்தது, பழுது அவ்வளவுதான். கிளாம்ப் போட்டுத் தாங்கி விடுங்கள்.

ஃபிட்டிங் விஷயம். அரை இஞ்ச் எஸ்எஸ் 316 டியூபை டியூப் கட்டரால் வெட்டுங்கள், ஹேக்சா வேண்டாம். உள்விளிம்புப் பிசிறை எடுத்துவிட்டு, டியூப் ஃபிட்டிங்கின் அடியில் முட்டும் வரை தள்ளி, நட்டைக் கையால் இறுக்கி, 6 மணி இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒன்றேகால் சுற்று, கோடு 9 மணிக்கு வரும், நிறுத்துங்கள். ஃபெரூல் (நட்டுக்குள் டியூபைக் கவ்வும் வளையம்) பக்கம் டெஃப்லான் டேப் கூடாது. டேப் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) மரைக்கு மட்டும், அதுவும் முதல் மரையை விட்டுச் சுற்ற வேண்டும். அரை இஞ்சில் என்பிடி, பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை என்பதால் ஒன்று மற்றொன்றில் சில சுற்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் என்பிடியில் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55. எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒழுகும்.

டிரான்ஸ்மிட்டரை இணைக்கும் முன் லைனை ஒருமுறை ஊதிவிட்டு வெல்டிங் கசடை வெளியேற்றுங்கள், ஆறியபின் நிரப்புங்கள். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர்ப் பிரஷர் சோதனை) நடக்கும்போது மேனிஃபோல்டில் (டிரான்ஸ்மிட்டருக்கு முன் இருக்கும் வால்வுத் தொகுதி) டிரான்ஸ்மிட்டரைத் தனிமைப்படுத்தி வையுங்கள்.

காப்பர் டியூபை இன்ஸ்ட்ரூமென்ட் ஏருக்கு (கருவிகளுக்குப் போகும் காற்று லைன்) எடுத்து வையுங்கள். பாய்லர் பக்கம் யாராவது மிதித்தாலே நசுங்கிவிடும்.