டி அண்ட் டி ஒருமுறைகூட ஆடாத நண்பர்களுக்கு முதல் ஆட்டத்தை எப்படி நடத்துவது?

உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டி அண்ட் டியை, யூடியூபில் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்தாயிற்று. நாலு பேர் 'ஞாயித்துக்கிழமை வர்றோம்' என்று சொல்லியாயிற்று. விதிப்புத்தகத்தின் கனத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை: புத்தகத்தை முழுக்கப் படி, பிறகு வந்தவர்களை ஆளுக்கொரு கேரக்டர் உருவாக்கச் சொல். இரண்டும் தப்பு என்பது என் கட்சி.

கேரக்டர் உருவாக்கம் புதியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் தின்னும். இனம், கிளாஸ் (வீரனா, மந்திரவாதியா என்ற தொழில்), பின்னணி, திறமைகள், மந்திரங்கள் என்று இருபது கேள்வி. ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரியாமலே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் போனை எடுத்துவிடுவார், அன்றைய ஆட்டம் அதோடு சரி. அதனால் நீங்களே முதல் லெவல் கேரக்டர் ஷீட் (ஆளின் விவரத்தாள்) 6 தயார் பண்ணி வையுங்கள். நாலு பேருக்கு ஏன் 6? கடைசியாக எடுக்கிறவருக்கும் மூன்றில் ஒன்று தேர்ந்தெடுக்க மிச்சமிருக்கும், 'எனக்கு இதைத் தலையில கட்டிட்டாங்க' என்று தோன்றாது. ஃபைட்டர் (போர்வீரன்), ரோக் (பதுங்கிக் குத்துகிறவன்), கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), விஸார்ட் (மந்திரவாதி), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரன்), பார்பேரியன் (மூர்க்க வீரன்) போதும். விதிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். 2024 திருத்தப் புத்தகம் கையில் இருந்தால் அதையே ஆடுங்கள், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். கீழே நான் சொல்லும் எண்களெல்லாம் 2014 கணக்கு.

ஷீட்டை அப்படியே நீட்டினால் மிரண்டுவிடுவார்கள். ஹைலைட்டர் எடுத்து ஏசி (எதிரி அடிக்க எட்ட வேண்டிய எண்), எச்பி (உயிர்ப்புள்ளி), தாக்குதல் வரி, நன்றாக வரும் திறமைகள் இரண்டு, இவ்வளவுக்கு மட்டும் மஞ்சள் அடியுங்கள். மீதி அன்றைக்கு அலங்காரம். விஸார்டின் பட்டியலை இரண்டே மந்திரமாக வெட்டுங்கள்: மேஜிக் மிசைல், ஸ்லீப். முதலாவது குறி தவறவே தவறாது. மூன்று அம்பு, ஒவ்வொன்றின் சேதமும் டி4+1, அதாவது நாலு முகப் பகடையில் விழுவதோடு ஒன்று. முதல் தடவை ஆடுகிறவர் மூன்று சுற்று தொடர்ந்து தவறவிட்டு உம்மென்று உட்காரும் அபாயம் இதில் இல்லை. ஸ்லீப் 5டி8, அதாவது எட்டு முகப் பகடை ஐந்து, சராசரி 22.5; அவ்வளவு எச்பி அளவுக்கு எதிரிகளைத் தூங்க வைக்கும். கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றுக்கு 7 எச்பி என்பதால் மூன்று கோப்ளின் ஒரே மூச்சில் குறட்டை விடும், மேசையே கைதட்டும். கிளெரிக்குக்கு ஹீலிங் வேர்ட் கொடுங்கள், 60 அடி தூரத்திலிருந்தே விழுந்தவரை எழுப்பலாம். ரோக் ஆடுகிறவர் ஸ்னீக் அட்டாக்கை மறக்காமல் இருக்கவே மாட்டார். 'நம்ம ஆள் எதிரிக்குப் பக்கத்துல நின்னா இன்னொரு டி6' என்று ஷீட்டிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஆட்டத்தை விளக்கிவிட்டுத் தொடங்காதீர்கள். 'என்ன நடக்குதுன்னு நான் சொல்வேன், என்ன செய்றீங்கன்னு நீங்க சொல்லணும், முடியுமா முடியாதான்னு சந்தேகம் வந்தா இதை உருட்டணும்' என்று டி20ஐ, அதாவது இருபது முகப் பகடையை, காட்டினால் போதும். உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் முதல் பகடை உருள வேண்டும். உதாரணத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

'மழை விட்ட சாயங்காலம். நீங்க காவலுக்கு வந்த உப்பு வண்டி மரப்பாலத்து நடுவுல நிக்குது. பின் சக்கரம் பலகையை உடைச்சுக்கிட்டு இறங்கிருச்சு. மாடு மிரளுது. கீழே ஆறு. என்ன பண்றீங்க?'

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்தாறு நொடி யாரும் பேசமாட்டார்கள், அந்த அமைதியைத் தாங்க வேண்டும். பிறகு ஒருவர் 'தூக்கலாமா?' என்பார். டி20இல் விழுந்ததோடு ஆளின் கூட்டலையும் சேர்த்து எட்ட வேண்டிய இலக்கு 10, ஃபைட்டருக்கு +5 இருந்தால் 5 அல்லது அதற்கு மேல் எது விழுந்தாலும் சரி, நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. விழவில்லையா? 'தூக்க முடியவில்லை' என்று சொன்னால் ஆட்டம் பாலத்திலேயே நின்றுவிடும். சக்கரம் வெளியே வந்தது, ஆனால் ஒரு மூட்டை உப்பு ஆற்றோடு போனது என்று சொல்லுங்கள். தோற்றாலும் கதை நகர வேண்டும், ஆனால் ஏதாவது விலை இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதில் பாதி தானாக வரும். எல்லாவற்றுக்கும் உருட்டச் சொல்லவும் வேண்டாம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றேதான் நடக்கும் என்றால் பகடை எதற்கு? புதியவர்களுக்கு இலக்கு 10, கஷ்டம் என்றால் 15, அதற்கு மேல் போகாதீர்கள். எந்த கூட்டலும் இல்லாதவருக்கு 15 என்பதே நூற்றுக்கு முப்பதுதான்.

துப்புகளிலும் இதே கதை. நேற்று காணாமல் போன இன்னொரு வண்டி பாழடைந்த மில்லில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கவனிப்பு உருட்டலை நம்பினால், நாலு பேருக்கும் 3, 6, 2, 8 என்று விழுந்து நீங்கள் முழிப்பீர்கள். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய உப்புக் கோடு, சின்னக் காலடித் தடம், மில் பக்கம் புகை பார்த்த ஆடு மேய்க்கிற அம்மா என்று மூன்று வழி வையுங்கள். உப்புக் கோட்டுக்கு உருட்டலே வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

குரலை மாற்றி நடிக்க வராது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஆட்டம் நடத்துகிறவருக்கு விதவிதமான உச்சரிப்பு வேண்டியிருக்கிறது. நமக்கு வினைமுற்றே போதும். வண்டிக்காரப் பெரியவர் 'வாங்க தம்பி' என்பார், கோட்டைக் காவலன் 'நில்லும், எங்கிருந்து வருகிறீர்?' என்பான், கோப்ளின் 'எவன்டா அது?' என்று கத்தும். யார் பேசுகிறார், உங்களை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று மேசைக்குச் சட்டென்று புரிந்துவிடும். விதிச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விடுங்கள். 'கவச எண்' என்று மொழிபெயர்த்தால் ஷீட்டில் தேடுவார்கள்.

இனி சண்டை. 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட்டின் முதல் சண்டையே 4 கோப்ளின்கள் பதுங்கியிருந்து தாக்குவதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 50 எக்ஸ்பி (வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி), நாலுக்கு 200. எண்ணிக்கைக்காக இரண்டால் பெருக்கினால் 400. முதல் லெவல் ஆட்கள் நாலு பேருக்கு 'டெட்லி' (உயிருக்கே ஆபத்து) என்று விதிநூல் போட்டிருக்கும் கோடும் அதே 400. கோப்ளினின் அடி டி6+2, சராசரி 5.5. விஸார்டுக்கு 7 அல்லது 8 எச்பி, இரண்டு அடியில் ஆள் தரையில். அதனால் மில்லில் முதலில் 2 கோப்ளின் மட்டும். இரண்டாம் சுற்று முடிவில், ஆட்கள் திடமாக இருந்தால், மாடியிலிருந்து இன்னும் இரண்டு இறங்கட்டும். திணறினால் அந்த இரண்டும் பின்வாசல் வழியாக ஓடிப்போனதாகச் சொல்லுங்கள், யாருக்கும் தெரியாது.

விதி அறிந்தவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள்: கோப்ளினுக்கு அடித்துவிட்டு ஓடி ஒளியும் திறமை இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று. தெரிந்தேதான் விட்டேன். ஒளிந்துகொண்டே இருக்கும் எதிரியைப் புதியவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள், சண்டை ஒரு மணி நேரம் இழுக்கும். இரண்டு விழுந்ததும் மற்றவை ஓடட்டும். கோப்ளின் ஒன்றும் மாவீரன் இல்லை.

முதல் சுற்றே பத்து நிமிடம் பிடிக்கும். அதைக் குறைக்க எல்லா கோப்ளினுக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்று காட்டும் எண்). பெயர் எழுதிய அட்டையை மடித்து உங்கள் முன்னால் வரிசையாக நிறுத்துங்கள், 'அடுத்து நீ, அதுக்கப்புறம் நீ' என்று முன்கூட்டியே சொல்லலாம். டி20ஐயும் சேதப் பகடையையும் ஒன்றாகவே உருட்டச் சொல்லுங்கள். ஏதாவது விதி சந்தேகமா? அரை நிமிடத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் தோன்றியதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பகடை என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஜிகினா நிரப்பி, தங்கக் கலரில் எண் போட்டு விற்கிறார்களே, அதை யாருக்காகச் செய்கிறார்கள்? ட்யூப்லைட்டில் 12ஆ 17ஆ என்று தெரியாமல் எல்லோரும் போன் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். படம் எடுத்துப் போட மட்டும் லாயக்கு. ஒரே நிறம், வெள்ளை எண், 6க்கும் 9க்கும் அடியில் கோடு, அப்படிப் பார்த்து வாங்குங்கள். ஆளுக்கு ஒரு செட் இல்லையென்றாலும் டி20 மட்டுமாவது ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

பேசாமலே உட்கார்ந்திருப்பவரிடம் 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்டால் இன்னும் சுருங்குவார். கேரக்டர் பெயரைச் சொல்லி இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள்: 'கதவை உடைக்கிறீங்களா, ஜன்னல் வழியா எட்டிப் பாக்கிறீங்களா?' அடுத்தவருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைத் திட்ட வேண்டாம், 'அது அவங்க முறை' என்று ஒருமுறை சொன்னால் போதும். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று வையுங்கள். சிலந்தியோ சித்திரவதையோ யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் அதைத் தொடுவார், காரணம் கேட்காமல் அந்த விஷயத்தைத் தாண்டிவிட வேண்டும். இதெல்லாம் ஓவர் என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், ஒரு அட்டைதானே.

மொத்தம் மூன்று மணி நேரம். இரண்டே முக்காலில் சண்டை முடியாவிட்டால் கோப்ளினைச் சரணடைய வையுங்கள். இழுத்துக்கொண்டு போனால் கடைசி பஸ் பற்றிய பேச்சு வந்துவிடும். அடுத்த தேதியை அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் நேரில் கேட்டுவிடுங்கள். குரூப்பில் கேட்டால் தம்ஸ் அப் வரும், ஆள் வராது.