பழைய கக்கூஸ் குழியில் பாட்டில் தேடும் கணவர்

கேள்வி: டாக்டர், நாங்கள் ஆறு வருடமாக அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 38. போன கோடையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரருடன் சேர்ந்து, பழைய வீடுகளின் பின்பக்கம் புதைந்து கிடக்கும் கக்கூஸ் குழிகளைத் தோண்டி, நூறு நூற்றைம்பது வருடத்துக் கண்ணாடி பாட்டில்களை எடுத்து வருகிறார். வீட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்கித்தான் செய்கிறார்கள். சில குழிகள் 12 அடி வரை போகின்றனவாம். போன சனிக்கிழமை உடைந்த பாட்டில் கிழித்து, கட்டைவிரலுக்குக் கீழே காயம். பத்து நாளாக வறட்டு இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல். பாட்டில்களைச் சமையலறை சிங்கில்தான் கழுவுகிறார். நீல பாட்டில் ஒன்று தக்கை மூடியபடி, உள்ளே ஏதோ திரவத்தோடு புத்தக அலமாரியில் இருக்கிறது. எங்களுக்கு 3 வயதில் மகள். நான் ஐந்து மாத கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தையின் அறைக்கு என்று அந்தக் காலத்துப் பால் பாட்டில் ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் “மலக்குழியில் இறங்குறானே, தீட்டு” என்று அழுகிறார். எனக்குக் காலரா, டைபாய்டு பயம். இதை நிறுத்தச் சொல்லவா?

- வாசகி, சின்சினாட்டி

பதில்: நீங்கள் பயப்படும் காலராவும் டைபாய்டும் அந்தக் குழியில் ஒரு காலத்தில் இருந்திருக்கும். 1849-இல் சின்சினாட்டியில் காலரா ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் ஒவ்வொரு வீட்டின் நோயும் போய்ச் சேர்ந்த இடம் பின்பக்கத்துக் குழிதான். ஆனால் அந்தக் கிருமிகள் மண்ணுக்குள் சில நாள், சில வாரம், மிஞ்சிப்போனால் சில மாதம் தாக்குப்பிடிக்கும். நூறு வருடம் தாங்காது. இருப்பதிலேயே கெட்டியானது உருண்டைப் புழுவின் முட்டை. ஈரமான, நிழலான மண்ணில் அது பத்து வருடம்கூடக் கிடக்கலாம். தொல்லியல் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழி மண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அந்தக் காலத்து மனிதர்களின் வயிற்றிலிருந்து வந்த உருண்டைப் புழு, சாட்டைப் புழு முட்டைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஓடு மட்டும்தான் மிச்சம், உயிர் இல்லை. உங்கள் கணவர் தோண்டுவது மலத்தை அல்ல, மட்கிக் கறுத்துப்போன மண்ணை. ஒரே ஒரு விதிவிலக்கு: குழிக்குள் புதிதாக நாற்றமும் ஈரமும் வந்தால், இன்றைக்கு ஓடும் சாக்கடைக் குழாய் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட குழியை அன்றைக்கே விட்டுவிட வேண்டும்.

சரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இடம். 12 அடி என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்நாளில் நகரங்களில் இந்தக் குழிகளுக்குச் செங்கல்லோ கல்லோ வைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் மண்ணில் இறங்கட்டும் என்று பல இடங்களில் சாந்து வைக்காமல் வெறுமனே அடுக்கினார்கள். சில இடங்களில் மரப்பலகை அடித்தார்கள். அந்தப் பலகை இன்று கையால் பிய்க்கிற அளவுக்கு மட்கியிருக்கும். பிற்பாடு குழியைச் சாம்பலும் குப்பையும் மண்ணும் போட்டு நிரப்பினார்கள். நூறு வருடமாக அந்தச் சுவரை உள்பக்கம் தாங்கிக்கொண்டிருந்தது அந்த நிரப்பு மண்தான். உங்கள் கணவர் வாளி வாளியாக வெளியே எடுப்பதும் அதைத்தான். கீழே போகப் போகச் சுவருக்குப் பிடிமானம் குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். ஒருவர் நெஞ்சு வரை புதைந்தாலே போதும், தலை வெளியே இருந்தும் பயனில்லை. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் மண் இறங்கி இறுகிவிடுகிறது. அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடம் இருக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிணறு வேலைக்குப் போய் மண் சரிந்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு எலும்பு முறியவில்லை. முகமும் கழுத்தும் நீலம் பாரித்திருந்தன. கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தப் புள்ளிகள். காதோரம் ஈர மண் ஒட்டியிருந்தது. அவர் மனைவி முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

அமெரிக்காவில் கூலிக்குப் பள்ளம் தோண்டுபவர்களுக்கு விதி இருக்கிறது. 5 அடியைத் தொட்டால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். 4 அடியிலேயே பக்கத்தில் ஏணி இருக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் கொட்ட வேண்டும். பொழுதுபோக்குக்குத் தோண்டுபவர்களை யாரும் வந்து சோதிப்பதில்லை. விளிம்பிலேயே மண்ணைக் குவித்து, அதன் மேல் நின்று வாளியை இழுப்பார்கள். என் முடிவு இதுதான்: முறையான முட்டு இல்லாமல் இடுப்புக்கு மேல் ஆழமுள்ள குழியில் உங்கள் கணவர் இறங்கக் கூடாது. இதில் நான் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மண் சரிந்து கால் மட்டும் மாட்டிக்கொண்டவரைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. நெடுநேரம் நசுங்கிக் கிடந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலக்கும். பாரத்தை எடுத்த மாத்திரத்தில் இதயம் நின்றுபோகலாம், பிழைத்தாலும் சிறுநீரகம் கெடலாம். 911 அவசர எண்ணைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முகம் வரை புதைந்தவர் என்றால், முகத்தைச் சுற்றியுள்ள மண்ணை மட்டும் விளிம்பில் ஏறாமல் விலக்க முடிந்தால் விலக்கலாம்.

மலக்குழி என்றதும் நம் ஊரில் வரும் பயம் விஷவாயு. அந்தப் பயம் நியாயமானது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மோப்பமே போய்விடும், ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். மண் நிரம்பிய பழைய குழியில் இந்த வாயு அவ்வளவு சேர்வதில்லை. ஆனால் மேலே மூடியிருந்து, உள்ளே காலியாக, அடியில் தண்ணீர் தேங்கிய குழி அப்படியல்ல. தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் பம்பை விளிம்பில் வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு குழிக்குள் தேங்கும். உள்ளே இருப்பவர் பேச்சு குழறினால், தலை சுற்றுகிறது என்றால், மேலே இருப்பவர் இறங்கவே கூடாது.

இனி, இந்த வாரம் செய்ய வேண்டியது.

இருமலைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் இருக்கும் ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை உண்டு. பறவை எச்சமும் வௌவால் எச்சமும் விழுந்த இடத்தில் செழித்து வளரும். பழைய கொட்டகை ஓரம், புறா அடையும் சுவரடி, மரத்தடி எல்லாம் அப்படித்தான். அங்கே மேல்மண்ணைக் கிளறினால் கண்ணுக்குத் தெரியாத விதைத்துகள் மூச்சோடு உள்ளே போகும். 3 முதல் 17 நாளில் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சுவலி, அசதி வரலாம். பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குச் சிறு வயதிலேயே இது தெரியாமல் வந்து போயிருக்கும். ஆறு வருடம் முன்னால் போன உங்கள் கணவருக்கு அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எக்ஸ்ரேயில் இந்தப் பூஞ்சையின் நிழல் காசநோய் போலவே தெரியும். நோயாளி இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் டாக்டரின் மனம் முதலில் காசநோய் பக்கம்தான் போகும். அதையும் பார்க்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் ‘சனிக்கிழமை தோறும் பழைய குழி தோண்டுகிறேன்’ என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சிறுநீரிலும் ரத்தத்திலும் ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கான பரிசோதனை எழுதுவார்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் வாரங்கள் ஓடிவிடும். நோய் நீடித்தால் அதற்குத் தனிப் பூஞ்சை மருந்து இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கவே வேண்டாம்.

காயத்துக்கு வருவோம். டெட்டனஸ் கிருமியின் வித்து மலக்குழி என்றில்லை, எந்த மண்ணிலும் வருடக்கணக்கில் கிடக்கும். அழுக்கான காயத்துக்கு, கடைசி தடுப்பூசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் இன்னொன்று போட வேண்டும். சனிக்கிழமை பட்ட காயம்தானே என்று விடவேண்டாம், நோய் 3 வாரம் கழித்துக்கூட வரும். எப்போது போட்டோம் என்பதே நினைவில்லை என்றால் கட்டாயம் போட வேண்டும். அங்கே கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் போடும் ஊசியாகவே கேளுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கும் அது காப்பு. உங்களுக்கும் 27 முதல் 36 வாரத்துக்குள் அதே ஊசி போடுவார்கள்.

இன்று இரவே ஒன்று பாருங்கள். கட்டைவிரலின் நுனிக் கணுவை மட்டும் தனியாக மடக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரலின் இரண்டு பக்கமும் தொடுங்கள். மடங்கவில்லை, ஒரு பக்கம் மரத்திருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், நாளைக்கே கை அறுவை நிபுணரிடம் போக வேண்டும். உள்ளே சில்லு இருக்கும் என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுங்கள். கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள், நன்றாகவே தெரியும்.

உங்களுக்கும் மகளுக்கும் என்னைக் கவலைப்பட வைப்பது ஈயம். பழைய நகரத்துப் பின்பக்க மண்ணில் உதிர்ந்த பெயிண்டின் ஈயம் இருக்கிறது (வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்தது 1978-இல்தான்), பழைய பெட்ரோல் புகையின் ஈயம் இருக்கிறது, குழியை நிரப்பிய நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக்கும் இருக்கலாம். இவை கிருமியைப் போல நூறு வருடத்தில் சாவதில்லை. பூட்ஸ், ஜீன்ஸ் மடிப்பு, கார் இருக்கை வழியாக வீட்டுக்கு வரும் தூசி தரையில் படியும், 3 வயதுக் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகும். வாசனை இல்லை, அறிகுறி இல்லை, படிக்கும் வயதில்தான் விளைவு தெரியும். மகளுக்கும் உங்களுக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்றாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்திருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நீங்கள் விடாமல் சாப்பிடுங்கள், அவை குறைந்தால் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

மாமியார் சொல்லும் தீட்டை நான் ஏற்கவில்லை. மலக்குழியில் இறங்கியவர் எவரும் அதனால் தாழ்ந்துவிடுவதில்லை. ஆனால் துக்க வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே துணியை அவிழ்த்துப் போட்டு, குளித்த பிறகே உள்ளே நுழைவோமே, அந்தப் பழக்கம் இங்கே அப்படியே பொருந்தும். கராஜில் உடை மாற்றட்டும், பூட்ஸ் அங்கேயே இருக்கட்டும், நேரே குளியலறைக்குப் போகட்டும். அந்தத் துணியைத் தனியாக, அவரே துவைக்கட்டும். நீங்கள் தொட வேண்டாம். இந்தக் கண்காணிப்பை மாமியாரிடமே ஒப்படைக்கலாம், நன்றாகச் செய்வார்.

சமையலறை சிங்க் இனி பாட்டிலுக்கு இல்லை. வெளியே ஒரு தொட்டியில், ரப்பர் கையுறை போட்டுக் கழுவட்டும். கறை போக ஆசிட் ஊற்றுபவர்கள் உண்டு. அதே தொட்டியில் பிளீச்சும் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

அந்த நீல பாட்டிலைத் தடவிப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், பார்வையாலேயே பாருங்கள். பக்கவாட்டில் வரி வரியாக, முண்டு முண்டாக இருந்தால் அது விஷ பாட்டிலாக இருக்கலாம். இருட்டில் கைபட்டாலே தெரியட்டும் என்று அப்படி வார்த்தார்கள். மருந்து பாட்டில் என்றாலும் நிம்மதி இல்லை. அந்தக் காலத்து மருந்தில் பாதரசம், ஆர்செனிக், அபின் எல்லாம் சாதாரணம். மார்ஃபின், அபின் இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்ற சட்டமே அங்கே 1906-இல்தான் வந்தது. தக்கையைத் திறக்க வேண்டாம், முகர வேண்டாம், சிங்கில் ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வைத்து மூடி, மகளுக்கு எட்டாமல் பூட்டி, உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கேளுங்கள்.

பால் பாட்டிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது தட்டையான பாட்டிலில் நீளமான ரப்பர் குழாய் செருகிய வகை. குழந்தை படுத்தபடி தானே உறிஞ்சும், அம்மாவின் கைக்கு ஓய்வு. குழாயின் உள்ளே கழுவ முடியாததால் பால் புளித்துக் கிருமி பெருகி, வயிற்றுப்போக்கில் எத்தனையோ குழந்தைகள் போயின. கொலைகாரப் பாட்டில் என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்தக் குழிகளில் அது கிடைப்பதற்குப் பின்னால் ஒரு வீட்டின் துக்கம் இருந்திருக்கலாம். உங்கள் கணவர் அதைக் காப்பாற்றி வைத்திருப்பதில் எனக்கு மரியாதைதான். நன்றாகக் கழுவி, கண்ணாடி அலமாரியில் உயரத்தில் வைக்கட்டும். குழந்தையின் அறையில் வேண்டாம்.

நிறுத்தச் சொல்லவா என்று கேட்டீர்கள். பாட்டில் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை, சேகரிப்பவர்கள் கூடி வாங்கி விற்கும் கண்காட்சிகள் அங்கே நிறைய நடக்கின்றன. ஆழக் குழியில் இறங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள், இருமல் என்னவென்று தெரியும்வரை எந்தத் தோண்டலும் வேண்டாம். இந்தப் பதிலை அவரையே படிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவரே எடுத்துச் சொல்லட்டும், அவரும் அதே குழியில்தான் இறங்குகிறார். எக்ஸ்ரே முடிவும் மகளின் ஈய அளவும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.