“சளிக்கு ரெண்டு வேளை மாத்திரை குடுங்க” – டாக்டர்கிட்ட கேளுங்க

இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி சளி, மூக்கடைப்பு, இருமல்தான். ஐப்பசி மழை ஆரம்பிச்சா சேலத்துல எப்பவுமே இப்படித்தான். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: பையன் எல்கேஜி போறான் டாக்டர். ஸ்கூல் சேர்த்ததுல இருந்து மாசாமாசம் சளி. ஒண்ணு சரியாகி பத்து நாள் நல்லா இருப்பான், மறுபடி மூக்கு ஒழுக ஆரம்பிச்சிரும். எதிர்ப்பு சக்தியே இல்லைங்கறாங்க எங்க மாமியார். டானிக் எதாவது சொல்லுங்க. – வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: டானிக் வேணாம்மா. சின்னப் பசங்களுக்கு வருஷத்துக்கு ஆறுல இருந்து எட்டு தடவை சளி புடிக்கிறது சாதாரணம், ஸ்கூலுக்குப் புதுசா போற வருஷம் அதுக்கு மேலயும் வரும். பெரியவங்களுக்கே ரெண்டு மூணு தடவை வருதே. சளிங்கறது ஒரே கிருமியால வர்ற வியாதி இல்ல, 200-க்கும் மேல வைரஸ் இருக்கு, அதுல அடிக்கடி மாட்டுறது ரைனோவைரஸ், அதுல மட்டுமே 150-க்கு மேல வகை இருக்கு. ஒரு வகைய உடம்பு சமாளிக்கக் கத்துக்கிட்டாலும் அடுத்து வர்ற வகை அதுக்குப் புதுசுதான். சளிக்குன்னு ஒரு தடுப்பூசி இன்னும் வராததுக்கும் இதுதான் பெரிய காரணம்.

உங்க பையன் எடை ஏறுதா, சளி இல்லாத நாள்ல ஓடி ஆடி விளையாடுறானா, சாப்பிடுறானான்னு பாருங்க. இதெல்லாம் சரியா இருந்தா அவன் எதிர்ப்பு சக்தி நல்லாத்தான் வேலை செய்யுது. எடை நிக்குது, நிமோனியான்னு திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரில சேர்க்க வேண்டியிருக்கு, ராத்திரி மூச்சு இழுக்குதுன்னா குழந்தை டாக்டர்கிட்ட காட்டணும். ஸ்கூல் விட்டு வந்ததும் சோப்பு போட்டு கைய நல்லா தேச்சுக் கழுவ பழக்குங்க, மூக்கத் தொட்ட கையிலதான் இந்த வைரஸ் பாதி ஊர் சுத்துது.

கேள்வி: நாங்க ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை பாக்கறோம். மார்கழி பனியில காதுல துண்டு கட்டாம பழம் பறிக்கப் போனா சளி புடிக்கும்னு பெரியவங்க சொல்றாங்க. எங்க பொண்ணு, குளிருக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் கிருமிதான்னு சண்டைக்கு வர்றா. யாரு சொல்றது சரிங்க? – வாசகர், ஏற்காடு

பதில்: ரெண்டு பேரு பக்கமும் நியாயம் இருக்குங்க. வைரஸ் இல்லாம சளி வராது, அதுல பொண்ணு சொல்றது சரி. இங்கிலாந்துல சால்ஸ்பரின்னு ஒரு ஊரு பக்கத்துல 1946-ல சளிக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சு நாப்பது வருஷத்துக்கு மேல நடத்துனாங்க. சம்மதிச்சு வந்தவங்கள தங்க வச்சு, சோறு போட்டு, மூக்குல வைரஸ் சொட்டு விட்டு என்ன ஆவுதுன்னு பார்த்தாங்க. சிலர குளிக்க வச்சு ஈரத்தோட காத்தடிக்கிற எடத்துல நிக்க வச்சும் பார்த்தாங்க, அதனால மட்டும் சளி அதிகமா வரல.

ஆனா உங்க பெரியவங்கள ஒதுக்கவும் முடியாது. ரைனோவைரஸ் நல்லா பெருகுறது 33 டிகிரி சூட்டுல, உடம்புக்குள்ள இருக்கிற 37 டிகிரில இல்ல. குளிர் காத்த இழுத்து இழுத்து மூக்கு உள்பக்கம் குளுந்து போச்சுன்னா வைரசுக்கு வசதி, அந்த நேரத்துல மூக்கோட சொந்த தற்காப்பும் கொஞ்சம் மந்தமாகுது. 2005-ல கார்டிஃப் பல்கலைக்கழகத்துல ஆளுங்கள குளுந்த தண்ணியில 20 நிமிஷம் கால வச்சு உக்கார வச்சாங்க. அடுத்த நாலஞ்சு நாள்ல அந்த 90 பேர்ல 13 பேருக்கு சளி, தண்ணியில கால் வைக்காத 90 பேர்ல 5 பேருக்கு. ஏற்கனவே மூக்குல சத்தமில்லாம இருந்த வைரஸ் குளிருல கிளம்பியிருக்கலாம்னு அவங்க நினைச்சாங்க. அதோட பனிக்காலத்துல மலையில எல்லாரும் ஜன்னலச் சாத்திட்டு ஒரே ரூம்ல அடுப்பச் சுத்தி உக்கார்றோம், ஒருத்தர் தும்முனா வீடே வாங்கிக்குது. துண்டு கட்டுங்க, தப்பே இல்ல. பகல்ல வெயில் வந்ததும் ஜன்னலத் தொறந்து விடுங்க, அதுதான் ரொம்ப முக்கியம்.

கேள்வி: சளி வந்தா நான் டாக்டர்கிட்ட போறதில்ல சார், நேரம் இல்ல. மெடிக்கல்ல சளி, இருமல், காய்ச்சல்னு சொன்னா ரெண்டு வேளைக்கு மாத்திரைய பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்க. சாயங்காலமே சரியாயிடுது. இதுல என்ன தப்பு? – வாசகர், சூரமங்கலம்

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நீளமா பதில் சொல்லணும்னு நினைச்சேன், ஏன்னா இந்த பேப்பர் பொட்டலம் நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்கு. தம்பி, அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? பேரு இல்ல, எத்தனை மில்லிகிராம்னு இல்ல, எக்ஸ்பைரி தேதி இல்ல. நாளைக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தா எந்த மாத்திரைனாலன்னு எங்களாலயும் கண்டுபுடிக்க முடியாது.

பொதுவா அதுல ஒரு பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் அது நல்ல மருந்துதான். ஆனா அந்த ஒரு பொட்டலத்துலயே ரெண்டு மூணு மாத்திரைக்குள்ள பாராசிட்டமால் ஒளிஞ்சு இருக்கும், நீங்க தலைவலிக்குன்னு வீட்டுல தனியா ஒண்ணு போடுவீங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல போகவே கூடாது, கல்லீரல் கெட்டுரும், குடிப்பழக்கம் இருந்தா அந்த அளவும் ஆகாது. அடுத்தது அலர்ஜி மாத்திரை. மூக்கு ஒழுகறத கொஞ்சம் குறைக்கும், தூக்கமும் வரும், அதைப் போட்டுட்டு பைபாஸ்ல வண்டி ஓட்டறது ஆபத்து. மூக்கடைப்புக்குன்னு ஃபீனைலெஃப்ரின் கலந்த மாத்திரை நிறைய இருக்கு. வாய்வழியா சாப்பிட்டா அது மூக்கடைப்புக்கு வேலை செய்யறதா தெரியலன்னு அமெரிக்க மருந்து துறையோட நிபுணர் குழுவே 2023-ல சொல்லிருச்சு.

எனக்கு பெரிய கவலை மத்த ரெண்டு மாத்திரைங்க மேலதான். ஒண்ணு ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவத்தான் கொல்லும், வைரச ஒண்ணும் பண்ணாது, சளிய ஒரு நாள் கூட குறைக்காது. நீங்க ரெண்டு வேளை போட்டு நிறுத்துறப்ப வயித்துல, தொண்டையில இருக்கிற பாக்டீரியாவுல தாக்குப் புடிச்சதுங்க மட்டும் தங்கிப் பெருகும். அப்புறம் உண்மையிலேயே சிறுநீர் தொற்றோ நிமோனியாவோ வர்றப்ப அதே மருந்து கேக்காம போகலாம், உங்களுக்கு மட்டும் இல்ல, வீட்டுல இருக்கிற வயசானவங்களுக்கும் சேர்த்து. ஆன்டிபயாடிக்க டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்கறதையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு ஸ்டீராய்டு. எல்லா பொட்டலத்துலயும் இருக்கும்னு நான் சொல்லல, ஆனா சாயங்காலமே ஜம்முனு ஆயிட்டேன்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல அந்த சந்தேகம்தான் வரும். அது வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாத்தையும் அமுக்கி வச்சிரும், ஆள் தெம்பா உணர்வார். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு சுகர் எகிறும், பிரஷர் ஏறும், அடிக்கடி போட்டா எலும்பு பலவீனமாகும், உள்ள இருக்கிற வேற நோய் வெளிய தெரியாம போயிரும்.

சளியோட கணக்கு தெரிஞ்சுட்டா இதெல்லாம் தேவையே இல்ல. வைரஸ் ஒட்டி ஒண்ணுல இருந்து மூணு நாள்ல தொண்டை கரகரக்கும், ரெண்டாவது மூணாவது நாள் ரொம்ப மோசமா இருக்கும், ஏழுல இருந்து பத்து நாள்ல முடியும், இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கலாம். நீங்க மெடிக்கலுக்கு ஓடறது மூணாவது நாள், அதுக்கப்புறம் எது போட்டாலும் போடலைன்னாலும் குறையத்தான் செய்யும், பேரு மட்டும் மாத்திரைக்குப் போயிடுது. நேரம் இல்லைன்னா பாராசிட்டமால் மட்டும் அட்டையோட, பில்லோட வாங்குங்க. வெந்நி குடிங்க, முடிஞ்சா ஒரு நாள் லீவு போட்டுத் தூங்குங்க.

கேள்வி: மூக்குல விடற சொட்டு மருந்து இல்லாம எனக்கு தூக்கமே வரல. ஆறு மாசமா விடறேன், இப்ப மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தேவைப்படுது. – விசைத்தறி தொழிலாளி, எடப்பாடி

பதில்: உங்களுக்கு இப்ப இருக்கிறது சளி இல்லீங்க, அந்த சொட்டு மருந்தே கொண்டு வந்த அடைப்பு. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் மாதிரி சொட்டு மருந்து மூக்கு ரத்தக்குழாய சுருக்கி அடைப்ப எடுக்கும், மருந்து வேகம் குறைஞ்சதும் முன்ன விட அதிகமா வீங்கும், மறுபடி விடுவீங்க. மூணு நாள், மிஞ்சிப் போனா அஞ்சு நாள், அதோட நிறுத்திறணும். காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க, வேற ஸ்ப்ரே குடுத்து இத விட வைப்பாங்க, முதல் வாரம் கஷ்டமா இருக்கும், அப்புறம் மூக்கு தானா திறக்கும். தறி ஓடற எடத்துல பஞ்சு தூசி பறக்கறதால அலர்ஜியும் இருக்கலாம். காய்ச்சல் இல்லாம, மூக்கும் கண்ணும் அரிச்சுக்கிட்டு, வாரக்கணக்குல அடுக்குத் தும்மல் வந்தா அது அலர்ஜி, அதையும் அவர்கிட்ட சொல்லுங்க. வேலை நேரத்துல மாஸ்க் போடுங்க.

கேள்வி: அஞ்சு மாசக் குழந்தைக்கு மூக்கடைப்பு. பாட்டி மூக்குல எண்ணெய் விட்டு ஊதி எடுக்கலாம்ங்கறாங்க. சாம்பிராணி போடலாமா, விக்ஸ் தடவலாமா, எந்த சிரப் நல்லது? – வாசகி, செவ்வாய்பேட்டை

பதில்: எண்ணெய் வேணவே வேணாம் கண்ணு. அது மூச்சுக்குழாய்ல இறங்கி நுரையீரல்ல தங்கி ஒரு மாதிரி நிமோனியாவ உண்டாக்கும். சாம்பிராணி, மஞ்சள் சுட்ட புகை, கொசுவத்தி எல்லாம் அந்தப் பிஞ்சு மூச்சுக்குழாய இன்னும் எரிய வைக்கும். விக்ஸுல கற்பூரம் இருக்கு, ரெண்டு வயசு வரைக்கும் எங்கயும் தடவக் கூடாது. தேனும் ஒரு வயசு ஆகாம கூடாது. பாட்டி பாசத்துலதான் சொல்றாங்க, அவங்க மனசு நோகாம எடுத்துச் சொல்லுங்க.

மெடிக்கல்ல சலைன் மூக்கு சொட்டுன்னு கேட்டா கிடைக்கும், வெறும் உப்புத் தண்ணிதான். பால் குடுக்கறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ஒண்ணு ரெண்டு சொட்டு விட்டா சளி இளகி பால் குடிக்க முடியும்.

சிரப் எதுவும் வேணாம். குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் கலந்த சளி மருந்த நாலு வயசுக்குள்ள குடுக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு மருந்து கட்டுப்பாட்டு துறை 2023 டிசம்பர்ல சொல்லிருச்சு. 2025-ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் கலந்து குழந்தைங்க செத்துப் போனதும், அந்த சிரப் நம்ம தமிழ்நாட்டுல தயாரானதும் எல்லாரும் படிச்சோம், அந்தப் பெத்தவங்களும் சாதாரண சளிக்குத்தான் அதைக் குடுத்தாங்க. ரெண்டு வயசுக்கு கீழ சளி, இருமல் மருந்தே எழுத வேண்டாம்னு அதுக்கப்புறம் மத்திய அரசு டாக்டர்களுக்கும் சொல்லியிருக்கு.

கேள்வி: மூக்குல வெள்ளையா வந்த சளி பச்சையாயிடுச்சு. நெஞ்சுல இறங்கிருச்சுன்னு அர்த்தமா? – வாசகர், ஆத்தூர்

பதில்: இல்லீங்க. கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுவுக்குள்ள இருக்கிற ஒரு நொதிக்கே பச்சை நிறம், அது சளியில கலந்து வருது. நிறத்த மட்டும் வச்சு ஆன்டிபயாடிக் போடக் கூடாது. பத்து நாள் தாண்டியும் குறையல, இல்ல குறைஞ்சு வந்து மறுபடி காய்ச்சலும் முக வலியும் கிளம்புச்சுன்னா சைனஸான்னு காட்டுங்க.

கேள்வி: லீவுக்கு ஏற்காடு போய்ட்டு கீழ இறங்கறப்ப பொண்ணுக்கு காது வலி, ஒரே அழுகை. அவளுக்கு சளி இருந்துச்சு. அதனாலயா? – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அதனாலதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், நம்ம சேலம் 300 மீட்டருக்கும் கீழ. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி முடிக்கறதுக்குள்ள வெளிக்காத்தோட அழுத்தம் ஏறிடுது. மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்குப் போற சின்னக் குழாய் திறந்து மூடி அதைச் சமன் பண்ணணும், சளியில அது வீங்கிக் கிடக்கும், அதனால செவிப்பறை உள்பக்கம் இழுத்து வலிக்குது. அடுத்த தடவை இறங்கறப்ப தூங்க விடாதீங்க, மிட்டாய் குடுங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா முழுங்கச் சொல்லுங்க, கைக்குழந்தைன்னா பால் குடுங்க, நடுவுல வண்டிய ஓரம் கட்டி நில்லுங்க. வலியோ காது மந்தமோ ரெண்டு மூணு நாளைக்கு மேல இருந்தா, காதுல ஏதாவது வடிஞ்சா காட்டணும்.

கேள்வி: கொள்ளு ரசம், மிளகு கஷாயம், நொச்சி ஆவி, இதெல்லாம் கேக்குமா இல்ல வெறும் நம்பிக்கையா? – வாசகர், ஓமலூர்

பதில்: வைரஸ இதெல்லாம் கொல்லாது. ஆனா சூடா, காரமா ரசம் குடிச்சா தொண்டை இதமாகும், மூக்கு இளகும், தண்ணிச் சத்து உள்ள போகும், பசியே இல்லாத வாய்க்கு ருசி தெரியும். நானே சளி புடிச்சா கொள்ளு ரசமும் ஜவ்வரிசிக் கஞ்சியும்தான், சேர்வராயன் மலை மிளகு கிடைச்சா இன்னும் நல்லது. ராத்திரி இருமலுக்கு ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு படுக்கறப்ப அரை டீஸ்பூன் தேன் குடுக்கலாம், அதுக்கு ஓரளவு ஆதாரமும் இருக்கு. வைட்டமின் சி மாத்திரைய சளி வந்தப்புறம் போட்டு பெருசா பிரயோஜனம் இல்ல.

ஆவி பிடிக்கறத மட்டும் பசங்களுக்கு வேணாம்னு கெஞ்சிக் கேக்கறேன். சளி நாள் அதனால குறையறதுக்கு சரியான ஆதாரம் இல்ல, போர்வைக்குள்ள கொதிக்கிற பாத்திரம் சாஞ்சு தொடையெல்லாம் வெந்து வர்ற குழந்தைங்கள நாங்க பாக்கறோம். பெரியவங்களுக்கு இதமா இருந்தா பாத்திரத்த அடுப்புல இருந்து இறக்கி, அசையாத மேஜை மேல வச்சுப் புடிங்க.

கேள்வி: எங்க பக்கம் டெங்கு இருக்கு. சாதாரண சளின்னு விட்டுட்டு ஏமாந்துருவோமோன்னு பயமா இருக்கு. எப்ப ஆஸ்பத்திரி போகணும்? – வாசகி, மேட்டூர்

பதில்: டெங்குல பொதுவா மூக்கு ஒழுகாது. திடீர்னு காய்ச்சல் அதிகமா அடிக்கும், கண்ணுக்குப் பின்னால வலி, மூட்டும் உடம்பும் முறிச்சுப் போட்டாப்ல வலி. அந்த சந்தேகம் இருக்கறப்ப பாராசிட்டமால் தவிர இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் போடாதீங்க, ரத்தக் கசிவு அதிகமாகும். காய்ச்சல் ரெண்டு நாள்ல விடலைன்னா ரத்தம் குடுத்துப் பாருங்க. காய்ச்சல் விட்ட அன்னிக்கு வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப சோர்வுன்னா அப்பவே ஆஸ்பத்திரி.

குழந்தைக்கு சளி நெஞ்சுக்குப் போயிருச்சான்னு வீட்டுலயே பாக்கலாம். அழாம, பால் குடிக்காம இருக்கறப்ப சட்டைய தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுசா மூச்ச எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40, இந்த அளவோ இதுக்கு மேலயோ இருந்தா, விலா எலும்புக்குக் கீழ குழி விழுந்தா, பால் குடிக்க முடியலைன்னா, உதடு நீலமானா 108-க்கு போன் பண்ணுங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு காய்ச்சல்னாலே அன்னிக்கே காட்டணும். ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க, வயசானவங்க மூச்சு வாங்குனா தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: எனக்கு சளி. கைக்குழந்தைக்கு தாய்ப்பால் குடுக்கலாமா? – வாசகி, வாழப்பாடி

பதில்: தாராளமா குடுங்கம்மா. பால் வழியா சளி போகாது, உங்க உடம்புல உருவாகுற எதிர்ப்பு சக்திதான் போகும். கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, மாஸ்க் கட்டிட்டுக் குடுங்க, முத்தம் மட்டும் நாலு நாள் கழிச்சு.