பிளேஸ்டேஷன் 2 'கர்ர்' என்கிறதா? லேசரை மாற்றும் முன் கிரீஸைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 30000 வரிசையைச் சேர்ந்த பழைய பெரிய பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது. கேம் லோடாகும்போதெல்லாம் டிஸ்க் டிரைவில் 'கர்ர்... கர்ர்' என்று சத்தம். கேம் ஓடுவதில் குறையில்லை. ரிப்பேர்க்காரர் லேசரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேம் ஒழுங்காக ஓடுகிறதென்றால் லேசர் ஒழுங்காகப் படிக்கிறது. சத்தம், லேசரைச் சுமந்துகொண்டு உள்ளுக்கும் வெளிக்கும் நகரும் வண்டியில் இருந்து வருகிறது. ஒரு திருகுத் தண்டு சுழன்று அந்த வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளுகிறது. இருபது வருடத்துக்கு முன் தடவிய கிரீஸ் இன்று காதுக்குறும்பி மாதிரி பிசுபிசுவென்று இறுகிப்போயிருக்கும். லோடாகும் நேரத்தில்தான் வண்டி அதிகம் நகரும், சத்தமும் அப்போதுதான் கேட்கும். உங்கள் கதை அப்படியே பொருந்துகிறது.

கழற்றும் முன் டிஸ்க் போடாமல் பவர் கொடுங்கள். அப்போதும் இரைந்தால் அது ஃபேன், டிரைவ் அல்ல. ஒரே ஒரு டிஸ்க்குக்கு மட்டும் உறுமினால் அந்த டிஸ்க்கில் ஸ்டிக்கரோ விரிசலோ இருக்கும். நடு ஓட்டையருகே விரிசல் கண்ட டிஸ்க்கை மறுபடி போடாதீர்கள், சுழலும்போது உடையலாம். 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே டிஸ்க்கைப் படிக்காமல் இருந்தால் அது வேறு வியாதி.

இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம். அடிப்பக்கம் நீலமாக இருக்கும் கேம்கள் சிடி. வெள்ளி நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் டிவிடி. இந்தக் கன்சோல் சிடியை 24 மடங்கு வேகத்திலும், டிவிடியை 4 மடங்கிலும் படிக்கிறது. எண்ணைப் பார்த்து ஆறு மடங்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் 'ஒரு மடங்கு' என்பது வேறு வேறு. ஆனால் தட்டு சுழலும் வேகம் என்று பார்த்தால், நீல டிஸ்க் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகச் சுழலும். அதனால் நீல டிஸ்க் போட்டதும் 'வ்வ்ர்ர்' என்று எழும் இரைச்சல் கோளாறே இல்லை. புத்தம் புதிதாக இருந்தபோதும் அப்படித்தான் கத்தியது. அதை அடக்க முடியாது. கன்சோலின் அடியில் ரப்பர் கால் விழுந்திருந்தால் ஒட்டுங்கள், மேஜையோடு சேர்ந்து அதிர்வதாவது குறையும். வெள்ளி டிஸ்க்கிலும் 'கர்ர்' கேட்டால் மட்டும் கழற்றுங்கள்.

முதலில் பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். பவர் போர்டு கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது, அதன் பக்கமே கை போகக்கூடாது. அடிப்பக்கச் சதுர மூடிகளை நெம்பினால் ஸ்க்ரூக்கள் தெரியும். எட்டு, சிலவற்றில் பத்து. எல்லாவற்றையும் கழற்றி நிமிர்த்தி வைத்து, மேல்மூடியை மெல்லத் தூக்குங்கள். விருட்டென்று இழுத்தால் முன்பக்கப் பொத்தான்களுக்குப் போகும் நாடா ஒயர் கிழியும். டிரைவின் தகட்டு மூடிக்கு நான்கு ஸ்க்ரூ. மூடியில் டிஸ்க்கைப் பிடிக்கும் காந்தம் உண்டு, அது ஸ்க்ரூவை இழுத்துக்கொள்ளும். டிரே மறைத்தால் வலுக்காட்டாமல் வெளியே நகர்த்துங்கள்.

99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக்குச்சியால் தண்டு, தண்டவாளம் இரண்டிலும் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். பழசின் மேல் புதுசைப் பூசினால் பத்து நாளில் மறுபடி கர்ர். வண்டியை விரலால் தள்ளாதீர்கள், பிளாஸ்டிக் பல் போய்விடும். தண்டைச் சுற்றினால் தானே நகரும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் கடுகளவு எடுத்துத் தண்டில் தடவி, வண்டியை இரு முனைக்கும் நான்கைந்து முறை ஓட்டி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். டபிள்யூடி-40, தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு லென்ஸில் தெறித்தால் ரிப்பேர்க்காரர் சொன்னது பலித்துவிடும்!

உள்ளே ஒரு வெள்ளைப் பல்சக்கரம் கண்ணில் படும். லேசரின் சாய்வை நிர்ணயிப்பது அதுதான். தெரியாமல் கை பட்டாலும் பழைய இடம் தெரிய, முதலிலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

இனி அந்த ரிப்பேர்க்காரர். லேசரின் பக்கத்தில் குட்டித் திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருப்பி லேசருக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்துவிட்டு, "புது லேசர் போட்டாச்சு" என்று காசு வாங்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. சில வாரம் எல்லா டிஸ்க்கும் அமோகமாக ஓடும், பிறகு லேசர் நிரந்தரமாகக் கண் மூடும். 'ஒரிஜினல்' என்று விற்கப்படும் லேசர்களில் சில, பழைய கன்சோலில் பிடுங்கித் துடைத்தவை. சோனி 2018 ஆகஸ்டோடு ஜப்பானிலேயே இந்தக் கன்சோலுக்கு ரிப்பேர் எடுப்பதை நிறுத்திவிட்டது. பாகமும் தருவதில்லை, பழுதுபார்க்கும் வழிமுறையையும் வெளியிடுவதில்லை; அப்புறம் கடை சொல்வதுதானே வேதம்? மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், பழைய லேசரைக் கையில் கேளுங்கள். புது லேசரில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க ஒரு சொட்டு ஈயம் வைத்திருப்பார்கள், மாட்டிய பிறகு அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, "போர்டே போச்சு" என்று அடுத்த பில் போடுபவர்களும் உண்டு.

துடைத்துக் கிரீஸ் போட்ட பிறகும் வெள்ளி டிஸ்க்கில் உரசும் சத்தம் கேட்டால் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். வட்டமாக ஒரே கோடு விழுந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். மூடியில் உள்ள காந்தப் பிடி சரியாக உட்காராமல் இருக்கலாம்.