அடுத்த விண்டோஸ் இலவசமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தாராவி தொண்ணூறடி ரோட்டில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஜெராக்ஸ், ஆதார், பான் விண்ணப்பம் எல்லாம் உண்டு. கடையில் மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 10. ஒன்றில் இன்டெல் கம்பெனியின் எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, மற்ற இரண்டிலும் ஆறாம் தலைமுறை ஐ3. லேமிங்டன் ரோட்டில் எனக்கு சர்வீஸ் செய்கிறவர், "அடுத்த விண்டோஸ் மாதச் சந்தாவில்தான் வரும், இப்போதே ஏதாவது செய்துகொள்" என்கிறார். என் மச்சான், "அதெல்லாம் இலவசமாகத்தான் கொடுப்பார்கள், அதுவரை பொறு" என்கிறார். யார் சொல்வது சரி? காத்திருக்கலாமா?

அன்புடன்,
உங்கள் வாசகன், தாராவி

*

அன்புள்ள தம்பி,

இலவசமாகத்தான் வரும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் மச்சான் சொல்வதுபோலக் காத்திருக்க வேண்டாம். அந்த இலவசம் உங்கள் மூன்று கணினிகளில் இரண்டுக்கு வந்து சேராது.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது நான் மாட்டுங்காவில் இருந்தேன். 1,999 ரூபாய் கட்டி இறக்கிக்கொண்டேன். அடுத்த வருஷமே 8.1 வந்தது, காசு கேட்கவில்லை. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. 7, 8.1 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருஷம் வரை இலவசம் என்றார்கள். கெடு முடியப்போகிற வாரத்தில் எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டில் ராத்திரி உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் பார்த்தால், கெடு தாண்டியும் பழைய உரிமச் சாவியை அது ஏற்றுக்கொண்டே இருந்தது. அந்த வழியை மூடிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது 2023 செப்டம்பரில்தான். 2021இல் வந்த விண்டோஸ் 11-ம் தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு இலவசம்தான். இத்தனை வருஷப் பழக்கத்தை லேசில் விடமாட்டார்கள்.

இதில் தர்மம் ஒன்றும் இல்லை. விண்டோஸின் விலையை நீங்கள் கணினி வாங்கிய அன்றே கொடுத்துவிட்டீர்கள். கணினி செய்கிற கம்பெனி அதை மைக்ரோசாஃப்டுக்குக் கட்டி, உங்கள் பில்லில் சேர்த்திருக்கும். அதன் பிறகு நீங்கள் பழையதிலேயே உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குச் சுமை. பழையது, புதியது இரண்டுக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆப்பிள் இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுவிட்டது. மேக் கணினிக்கான லெப்பர்டுக்கு 2007இல் 129 டாலர் வாங்கினார்கள். 2009இல் ஸ்னோ லெப்பர்ட் 29 டாலர், 2012இல் மவுன்டன் லயன் 20 டாலர், 2013இல் மேவரிக்ஸ் இலவசம். இயந்திரம் விற்றால் போதும் என்று ஆகிவிட்டது.

சந்தா பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஆபீஸ் மென்பொருள் பெரும்பாலும் சந்தாவுக்குப் போய்விட்டது. கம்பெனிகளுக்கு விண்டோஸ் 365 என்று, கணினியையே இணையத்தின் வழியே மாத வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அது வேறு வியாபாரம். காசு கொடுத்து வாங்கிய கணினியைத் திறக்க மாதாமாதம் பணம் கட்டு என்றால், ஜனங்கள் பழையதை விட்டு நகர மாட்டார்கள். அடிப்படை விண்டோஸ் இலவசமாகவும், மேலே ஒட்டுகிற வசதிகளுக்கு மட்டும் கட்டணமாகவும் இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். 2015இல் மைக்ரோசாஃப்டிலேயே வேலை பார்த்த ஒருவர், இதுதான் கடைசி விண்டோஸ் என்று மேடையில் சொன்னார். ஆறு வருஷத்தில் விண்டோஸ் 11 வந்துவிட்டது.

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். விண்டோஸ் 11 காசு கேட்கவில்லை, கணினியைக் கேட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து இருக்க வேண்டும். உங்கள் ஐ5 உள்ளே போய்விடும். டி.பி.எம். இல்லை என்று காட்டினால் பயோஸில், அதாவது கணினி துவங்கும்போது திறக்கிற அடிப்படை அமைப்புத் திரையில், அணைந்து கிடக்கும், போட்டுவிடுங்கள். ஐ3 இரண்டும் வாசலிலேயே நின்றுவிடும். அடுத்த விண்டோஸ் வந்தாலும் வாசல் இன்னும் குறுகுமே தவிர அகலமாகாது. தகுதிச் சோதனையை ஏமாற்றி ஏற்றித் தருகிறேன் என்று சர்வீஸ்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி ஏற்றினால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தே தீரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உரிமப் பூட்டை உடைத்து, கிராக் செய்த விண்டோஸ் பக்கம் போகவே போகாதீர்கள். அந்தக் கிராக்கோடு என்னென்ன உள்ளே வருகிறது என்று போடுகிறவருக்கே தெரியாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு மேல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு திட்டம் வைத்தார்கள். வீட்டுக் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், சேமித்தால் இலவசம். தொழில் நடத்துகிறவர்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரண்டு மடங்கு. உங்களுடையது கடை. இரண்டு பழைய ஐ3க்கு அந்தப் பணத்தைக் கட்டுவது வீண்.

திருத்தம் இல்லாவிட்டால் என்ன, கணினி ஓடத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். ஓடும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வான்னாக்ரை வைரஸ் வந்ததே, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே கொடுத்தாகிவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். உங்கள் கடையில் இருப்பது உங்கள் கோப்புகள் மட்டுமா? தாராவி மறுசீரமைப்புக்கான குடிசைக் கணக்கெடுப்புக்காக எத்தனை பேர் ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாவற்றையும் உங்களிடம் கொடுத்து ஸ்கேன் செய்திருப்பார்கள்? அந்தக் காகிதங்களை வைத்துத்தான் அவர்களுக்கு வீடு. அவை வேறு எவன் கைக்காவது போனால் அந்த அம்மாக்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? கடை மேல் அவர்கள் வைத்திருக்கிற நம்பிக்கையை நினைத்துத்தான் காத்திருக்காதே என்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், விண்ணப்ப வேலை முழுவதையும் ஐ5க்கு மாற்றி விண்டோஸ் 11 போடுவேன். ஐ3 ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். அதன் வகைகளில் உபுண்டு ஆகட்டும், மின்ட் ஆகட்டும், இன்றைக்கும் இலவசம், என்றைக்கும் இலவசம். யு.எஸ்.பி.யில் ஏற்றி, கணினியில் எதையும் தொடாமல் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தமிழ்99 தட்டச்சு வரும். உங்கள் பிரின்டரும் ஸ்கேனரும் பேசுகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஐ3, பத்திரிகை வடிவமைப்புக்கு. இங்கேதான் எனக்குக் கவலை. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும்தானே வைத்திருப்பீர்கள்? விண்டோஸ் 8க்கு மாறிய அன்று, நான் காசு கொடுத்து வாங்கியிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் நின்றுபோனது. விற்றவர் போனையே எடுக்கவில்லை. ஆறு வருஷமாக அடித்து வைத்திருந்ததெல்லாம் புரியாத எழுத்தாக நின்றது. ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. 1,999 ரூபாய் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய செலவு. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. மிகப் பழைய 16 பிட் மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் அதில் ஓடாது. டாங்கிள் என்கிற பூட்டுச் சாவியைக் கணினியில் செருகி ஓட்டுகிற மென்பொருளுக்கு, அந்தச் சாவியை விண்டோஸ் அடையாளம் காண்பதற்கான புதிய டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் இப்போதே கேளுங்கள். அந்த ஐ3யை அப்படியே விட்டு இணையத்தைக் கழற்றிவிடுங்கள். அதில் செருகுவதற்குத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவருவதை அதில் போடவே கூடாது.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் மூன்றிலும் இருப்பதை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். ஆடியில் கல்யாண வேலை இருக்காது. கொடை நோட்டீஸ்தான் இருக்கும், அதை ஒரு கணினியே தாங்கும். மற்ற இரண்டையும் அப்போது மாற்றுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி