படுத்த மாடு, வெள்ளிக்கிழமைப் பொங்கல் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய மாட்டுக் காப்பகம் நடத்துகிறோம். அடிமாட்டு லாரியிலிருந்து போலீஸ் பிடித்துக் கொடுத்தவை, கறவை நின்றதும் சொந்தக்காரர் அவிழ்த்துவிட்டவை என்று இப்போது பதினான்கு உருப்படிகள் இருக்கின்றன. போன வாரம் வந்த கிழப்பசு ஒன்று நேற்றிலிருந்து எழவில்லை. மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். இடுப்பில் கயிறு போட்டு மரத்தில் தூக்கி நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள் ஊரில். செய்யலாமா? வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு, பொங்கல், வாழைப்பழம் கொண்டுவருகிறார்கள். புண்ணியம் தேடி வருபவர்களை எப்படி மறுப்பது? இதற்கிடையில், இன்னும் ஒன்பது மாடுகளை வைத்துக்கொள்ள முடியுமா என்று காவல் நிலையத்தில் கேட்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

படுத்த மாட்டிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் ஒரு நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

அது விழுந்ததற்குப் பட்டினி காரணமாக இருக்கலாம், லாரியில் மிதிபட்டது காரணமாக இருக்கலாம். எழாமல் கிடப்பதற்கு விரைவிலேயே வேறொரு காரணமும் சேர்ந்துவிடும். கெட்டித் தரையில் ஒரே பக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், உடம்பின் பாரம் முழுக்க அடியில் மடங்கிய பின்னங்காலில் இறங்குகிறது. தொடைச் சதைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை வீங்குகிறது, நரம்பு நசுங்குகிறது. அதன்பிறகு குளுக்கோஸ் ஏற்றினாலும் தீவனம் ஊட்டினாலும் அந்தக் கால் கேட்காது. அதனால் இன்று நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்தக் காலைத்தான்.

முதலில் இடம் மாற்றுங்கள். சிமென்ட் தரையானால் உடனே. கழுத்துக் கயிற்றையோ வாலையோ பிடித்து இழுக்கக் கூடாது. கெட்டியான தார்ப்பாயை மாட்டின் முதுகுப் பக்கம் விரித்து, மாட்டை அதன்மேல் புரட்டி, பாயோடு சேர்த்து இழுங்கள். நிழலில் ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பிய படுக்கையில் விடுங்கள். நெஞ்சு தரையில் பதிய, தலை நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில்தான் மாடு இருக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிப் படுத்துவிட்டால் வயிற்று வாயு வெளியேற வழியில்லாமல் உப்பி, சில மணி நேரத்திலேயே மூச்சு முட்டிச் சாகும். சாயாமலிருக்க இரு பக்கமும் மணல் மூட்டைகளை அண்டக் கொடுங்கள்.

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும்தான். இரண்டு பேர் போதும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடியில் மாட்டியிருக்கும் பின்னங்காலை வெளியே இழுத்து மறுபக்கம் விட்டால், இடுப்பைத் தள்ளுவது எளிது. ஒவ்வொரு முறையும் அப்போது விடுபட்ட காலைப் பத்து நிமிடம் நன்றாக அழுத்தித் தேய்த்து, முழங்காலை மடக்கி நீட்டுங்கள். எழ முயலும் மாட்டுக்குப் பின்னங்கால்கள் அகண்டு சறுக்கினால் தொடைச் சதை கிழிந்துவிடும். கணுக்காலுக்கு மேல், இரண்டு கால்களையும் ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் துணிப்பட்டையால் பிணைத்து வையுங்கள். கயிறு வேண்டாம், அறுக்கும்.

இடுப்பில் கயிறு போட்டு மரத்தில் தூக்குவது கூடவே கூடாது. மெல்லிய கயிறு மொத்த எடையையும் ஒரே கோட்டில் வாங்கும், மாடு மூச்சுவிடத் திணறும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான கேன்வாஸ் பட்டை ஒன்று நெஞ்சுக்கடியிலும் இன்னொன்று மடிக்கு முன்னாலும் வர வேண்டும். செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வைத்து மெதுவாக ஏற்றுங்கள். குளம்பு தரையைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, கால் ஊன்றுகிறதா என்று பாருங்கள். ஊன்றினால் கால் மணி நேரம் நிற்கட்டும். ஊன்றாமல் துணிபோலத் தொங்கினால் உடனே இறக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

கால்சியமும் ஏற்றுங்கள் என்று மருத்துவரை நெருக்காதீர்கள். கால்சியம் குறைந்து படுப்பது பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் கறவை மாட்டுக்கு வருவது. கறவை வற்றிய கிழப்பசுவுக்கு அது அரிது, வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இடுப்பு எலும்பும் மூட்டும் விலகியிருக்கின்றனவா, பாஸ்பரஸ் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கு மெலாக்சிகாம் கேளுங்கள். டைக்ளோஃபீனாக் என்ற வலி மருந்து கால்நடைக்கு 2006லேயே தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபீனாக்கும் 2023ல். இம்மருந்துகள் தங்கிய பிணத்தைத் தின்னும் பாறுக் கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காவது இந்த ஒரு கவனத்தைக் காப்பகங்கள் கொடுக்க வேண்டும்.

தீனி எடுத்து, அசை போட்டு, முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கிற மாட்டுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்கலாம். தீனியை மறுத்து, தலையைத் தரையில் போட்டு, படுக்கைப்புண் எலும்புவரை போய்விட்ட மாட்டை "இயற்கையாகப் போகட்டும்" என்று வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். வழக்கில் உள்ள மாடானால் அவரது எழுத்துச் சான்றும் நீதிமன்றத்துக்குத் தகவலும் தேவை.

இனி வெள்ளிக்கிழமைப் பொங்கல். காப்பகங்களில் மாடு திடீரென்று சாவதற்கு அன்போடு கொண்டுவந்த சோறு ஒரு முக்கியக் காரணம். மாடு தின்பதை முதலில் தின்பவை அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். வைக்கோலுக்குப் பழகிய அவற்றின் நடுவே இரண்டு மூன்று கிலோ வெந்த அரிசி விழுந்தால், மாவைப் புளிக்கவைக்கும் வகை மட்டும் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. 6, 7 என்று இருக்க வேண்டிய அமில-கார அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்குகிறது. வயிற்றின் உட்சுவர் வெந்துபோகும். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, கண் குழிவிழும். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அசை போடுவது நிற்கும். இடப்பக்கம் வீங்கி, தள்ளினால் தண்ணீர் குலுங்கும். சாணம் சாம்பல் நிறத்தில் நீராகப் புளித்து நாறும், அதில் சோற்றுப் பருக்கை தெரியும். தள்ளாடிப் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் இதைப் பார்க்கலாம்.

மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை செய்யக்கூடியது: 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நிற்கிற மாட்டுக்கு மட்டும், கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கக் கூடாது, மூக்கை நெற்றிக்கு மேலே உயர்த்தக் கூடாது. இருமினால் அப்படியே நிறுத்துங்கள், மருந்து நுரையீரலுக்குப் போனால் அதுவே எமன்.

வருபவர்களை மறுக்க வேண்டியதில்லை, கொண்டுவருவதை மாற்றினால் போதும். வாசலில் ஒரு பலகை வையுங்கள்: அகத்திக்கீரை ஒரு கட்டு, தீவனப்புல், வைக்கோல் கட்டு, தாது உப்புக் கலவை ஒரு கிலோ. கையால் ஊட்ட ஆசைப்படுபவர்களுக்கு அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்துப் பிடிப்பிடியாக நீங்களே கொடுங்கள். வாழைப்பழம் மாட்டுக்கு ஒன்றிரண்டு போதும். ஒரு தாரையே முன்னால் வைக்க விடாதீர்கள். பாலித்தீன் பை வாசலைத் தாண்டக் கூடாது. வயிற்றுக்குள் போன பை வெளியே வருவதில்லை, உருண்டு திரண்டு கயிறாகிவிடும். தெருவில் மேய்ந்து வந்த மாடு அடிக்கடி உப்பி, சாணம் குறைந்து, தின்றும் இளைத்துக்கொண்டே போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வயிற்றைத் திறந்து எடுப்பதைத் தவிர வழி இல்லை. மரவள்ளி இலையையும், வாடிய இளஞ்சோளப் பயிரையும் யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள், இரண்டிலும் சயனைடு நஞ்சு உண்டு.

பட்டினி கிடந்து வந்த மாட்டுக்கு முதல் வாரம் தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனமே வேண்டாம். தண்ணீரை அரை மணிக்கு அரை வாளியாகத் தொடங்குங்கள். வைக்கோலும் கொஞ்சம் பசுந்தீவனமுமாகப் பாதி வயிற்றுக்குக் கொடுத்து, பத்துப் பதினைந்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். 350 கிலோ மாட்டுக்கு நான்கைந்து கிலோ வைக்கோலும் பதினைந்து கிலோ கோ-4 அல்லது கோ-5 ரகத் தீவனப்புல்லும் சரியாக இருக்கும். எட்டாம் நாள் கால் கிலோ தவிடு-பிண்ணாக்குக் கலவையில் தொடங்கி, மூன்று நாளுக்குக் கால் கிலோவாக ஒரு கிலோ வரை ஏற்றலாம். வெறும் வைக்கோலில் நிறுத்திவிடாதீர்கள். அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். வயிறு பெருத்திருக்கும், முதுகெலும்பு துருத்திக்கொண்டே இருக்கும்.

தினமும் காலையில் தீனி போடுவதற்கு முன் ஒரு சுற்று சும்மா பாருங்கள். யார் கடைசியாக எழுகிறது, யார் அசை போடவில்லை, யாருடைய மூக்கு காய்ந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் இடது விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வையுங்கள். நல்ல மாடானால் வயிறு இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து எழும்பிக் கையைத் தள்ளும். ஒரு தடவைகூடத் தள்ளவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

ஒன்பது மாடுகள் விஷயம். ஒரு மாட்டுக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் வேண்டும். வெயில் காலத்தில் எழுபது எண்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்துவிடலாம். நான் அஞ்சுவது ஆள் பலத்துக்கு. ஐந்து பேரில் இரண்டு பேர் இரவு பகலாகப் படுத்த மாட்டோடு இருக்கும்போது, புது மாடுகளை ஒரு மாதம் தனியாகப் பிரித்து வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? கோமாரி வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகும், தோல் கழலை நோய்க்கு நான்கு வாரம்வரை. தனி வாளி, தனித் துடைப்பம், முடிந்தால் தனி ஆள். ஒரே ஆள்தான் என்றால் பழைய மாடுகளை முடித்துவிட்டுத்தான் புதியவற்றிடம் போக வேண்டும். இந்த வாரம் முடியாது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

பின்னால் ஏற்கும்போது, ஒவ்வொரு மாட்டுக்கும் காதுவில்லை எண்ணும் மருத்துவரின் உடல்நிலைச் சான்றும் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குச் சொத்தான விலங்குகளின் பராமரிப்புக்கு 2017ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, தீவன, மருத்துவச் செலவை மாட்டின் உரிமையாளரிடமிருந்து கேட்க உங்களுக்கு வழி உண்டு. அதற்கு முதல் நாளிலிருந்தே ரசீதுகள் வேண்டும்.