நிலாவெளிக்கு மார்கழியில் யார் வருகிறார்கள்?

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டீர்கள்: "பல்கலைக்கழகத்தில் கொடுக்கும் ஒப்படை எல்லாம் போன்தான் எழுதுகிறது. இவள் பட்டம் எடுத்து என்ன வேலைக்குப் போகப் போகிறாள்?" அன்று ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பினேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகப் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

போனில் உள்ள சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்து எழுதி மகள் கொண்டுவந்த ஒப்படையை நீங்கள் போன பிறகு முழுதாக வாசித்தேன். திருகோணமலைக் கரையோரச் சுற்றுலாவைப் பற்றிய பதினொரு பக்கம். ஆங்கிலம் வழுவழுவென்று ஓடியது. நான்காம் பக்கத்தில், நிலாவெளியின் சுற்றுலாப் பருவம் டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்று இருந்தது. அது காலி, ஹிக்கடுவைப் பக்கத்துப் பருவம். நமக்கு அப்போது மாரி மழையும் வாடைக்காற்றும். நம் கரையில் கடல் அடங்கி ஆட்கள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. அடுத்த நாள் அவளை அழைத்து, அந்த வரியில் விரலை வைத்து, "நிலாவெளிக்கு மார்கழியில் யார் வருகிறார்கள்?" என்று கேட்டேன். முதலில் விழித்தாள். பிறகு கண் கலங்கிவிட்டது. "அப்பா புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறவர், சேர். எனக்குத் தெரியாமலா? வாசிக்கும்போது அது கண்ணில் படவில்லை" என்றாள்.

அம்மா, எனக்குக் கவலை தந்தது அந்தப் பிழை இல்லை. தகப்பன் எந்த மாதம் படகைக் கரையில் ஏற்றி வைப்பார் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த மாதிரி ஒரு வரி வந்ததும் தன் கண்ணின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அதுதான் கவலை.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில்தான் வெளிவந்தது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து வாக்கியம் கோப்பது அதன் வேலை. பொருந்துகிற மாதிரி இருந்தால் இல்லாத புத்தகத்தின் பெயரையும் உசாத்துணைப் பட்டியலில் எழுதித் தரும். 2023இல் நியூயோர்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், அது சொன்னபடி, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அவள் நூலகத்திலோ இணையத்திலோ திறந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் முகாமைத்துவத்தை ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கருவி பெரிய துணை. விரிவுரையில் பிடிபடாததை இரவு பத்து மணிக்கும் தமிழில் கேட்கலாம். பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. நாங்கள் படித்த காலத்தில் அப்படியொன்று இல்லை. ஆனால் எழுதுவதையும் அதனிடம் கொடுத்துவிட்டால், எந்த ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ள வளாகத்துக்குப் போனாளோ அதைப் பழகாமலே நான்கு வருடம் கழிந்துவிடும். நேர்முகப் பரீட்சையில் எதிரே இருப்பவர், "இதை விளக்குங்கள்" என்று கேட்கும்போது பதில் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அதனால் அவளிடம் நான் சொன்னது இதுதான். முதலில் தானே எழுத வேண்டும், ஆங்கிலம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. வராத இடத்தில் தமிழில் எழுதட்டும். அதன் பிறகு கருவியிடம், "பிழைகளைக் காட்டு, ஏன் பிழை என்று சொல், திருத்தி எழுதாதே" என்று கேட்கட்டும். முடித்ததும், "விரிவுரையாளர் போல என்னிடம் ஐந்து கேள்வி கேள்" என்று சொல்லிப் பதில் சொல்லிப் பழகட்டும். எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு பாடத்துக்கும் தொடக்கத்திலேயே விரிவுரையாளரிடம் கேட்டுவிட வேண்டும். பயன்படுத்தியதை ஒப்படையில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

முதல் எழுத்தையும் திருத்தங்களையும் திகதியோடு பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருட்கள் நம்பத்தக்கவை அல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இவை இயந்திரம் எழுதியவை என்று காட்டியதை, அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்று வெளிக்கொணர்ந்தது. நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்குக் கையில் சான்று வேண்டும்.

மாதம் 20 டொலர் கட்டும் சாட்ஜிபிடி கணக்கு வாங்கித் தரவா என்று கேட்டீர்கள். வேண்டாம். இப்போதைக்கு இலவசமானதே போதும்.

உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதே, நான் எப்படிப் பார்ப்பது என்று தயங்கினீர்கள். ஒப்படை கொடுப்பதற்கு முதல் நாள், நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அவளைப் பக்கத்தில் இருத்தி, அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று தமிழில் பத்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் நிறுத்தி, "ஏன்?" என்று கேளுங்கள். தமிழில் சொல்ல முடியாமல் தடுமாறும் பகுதி அவளுக்கு விளங்காத பகுதி. அதை அவள் திரும்பப் படிக்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை மகளை அனுப்புங்கள். பதினொரு பக்கமும் வேண்டாம். நிலாவெளிப் பருவத்தைப் பற்றித் தானே எழுதிய ஒரு பக்கம் போதும். அதற்கு முன் தகப்பனோடு இருந்து, போன வருடம் எந்த மாதத்தில் எத்தனை ஓட்டம் போனார், எந்தக் கிழமை முதல் படகை ஏற்றி வைத்தார் என்று கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொண்டு வரட்டும்.